நேசக்குமார் விட்டுக்கொடுக்காத வார்த்தை

நாசரேத்தில் நேசக்குமார் பிறந்த வீட்டில் சாயங்கால ஜெபம் முடிந்ததும் சோறு வந்துவிடாது. அதற்கு முன்னால் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வேத வசனமும் ஒரு புது இங்கிலீஷ் வார்த்தையும் சொல்லியாக வேண்டும். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் தலைமை ஆசிரியர். வசனத்தில் ஒரு சொல் தப்பினால் ஆண்டவர் மன்னித்துவிடுவார். வார்த்தை பழசாக இருந்தால் அப்பா மன்னிக்க மாட்டார். போன மாதம் அண்ணன் சொன்னதை இந்த மாதம் தம்பி சொன்னால் தட்டு கவிழ்த்து வைக்கப்படும். ஐந்து பிள்ளைகளில் கடைசி நேசக்குமார். நல்ல வார்த்தைகளையெல்லாம் மூத்தவர்கள் நாலு பேரும் தின்று தீர்த்த பிறகு வந்தவர். ஆகவே அவர் டிக்ஷனரியின் சந்துபொந்துகளில் புகுந்துதான் சாப்பாடு தேட வேண்டியிருந்தது. பத்து வயதில் அவருக்குப் பசிக்கு ஏழு இங்கிலீஷ் வார்த்தை தெரியும்.

வளர்ந்ததும் மூத்தவர்கள் வார்த்தைகளை விட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். ஓர் அக்கா டாக்டர். ஓர் அண்ணன் கனடாவில் பேராசிரியர். மற்ற இருவரும் கிறிஸ்மஸுக்கு ஊருக்கு வந்தால் காரில் வந்து இறங்குகிறவர்கள். நேசக்குமாரிடம் மட்டும் வார்த்தைகள் தங்கிப்போயின. பி.ஏ. இங்கிலீஷ் முடித்து, இருபத்தாறு வயதில் தூத்துக்குடித் துறைமுகத்தில், கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் ஒரு கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்தார். முப்பத்தொரு வருஷம் ஆயிற்று. இப்போது ஹெட் கிளார்க். தொழிலாளிகளுக்கு டிக்ஷனரி அண்ணாச்சி.

கம்பெனியிலும் வெளியிலும் கடிதம் என்றால் அவர்தான். இந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. மனுவில் இங்கிலீஷ் எவ்வளவு கடினமோ, மனுவுக்கு அவ்வளவு பலம். படிக்கிற ஆபீசருக்குப் புரியக் கூடாது. புரியாவிட்டால் பயப்படுவார், பயந்தால் கையெழுத்துப் போடுவார். திரேஸ்புரத்தில் மீன் விற்கிற பிலோமினாவுக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நேசக்குமார் ஒரு மனு எழுதிக் கொடுத்தார். முதல் வரியிலேயே 'பெர்ஃபங்க்டரி' என்று ஒன்றை வைத்தார். கடமைக்குச் செய்வது என்று அர்த்தம். மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. உடைந்த குழாயை அந்த வாரம் எப்படியும் மாற்றுவதாக இருந்தார்கள் என்பது வேறு விஷயம். அன்றிலிருந்து பிலோமினா யாரோடு சண்டை போட்டாலும் "போலே பெர்ஃபங்க்டரி" என்றுதான் முடிக்கிறாள். வாங்கிக்கட்டிக்கொண்டவன் எவனும் இதுவரை பதில் சொன்னதில்லை.

இந்த நம்பிக்கைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கப்பலிலிருந்து மரத்தடிகளைத் தூக்குகிற இரும்பு வயர்கள் இழை பிரிந்து முள்ளு முள்ளாய் நின்றன. புதுசு வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி செந்தில்முருகனுக்கு எழுதித் தரச் சொல்லி ஃபோர்மேன் கேட்டார். நேசக்குமார் எழுதினார். அருமையான கடிதம். வயர் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில்தான் வரும், மற்ற இடங்களிலெல்லாம் அதற்கு விதவிதமான பட்டப்பெயர்கள். செந்தில்முருகன் இரண்டு தடவை படித்தார். புரியவில்லை என்று சொல்ல வெட்கம். ஓரத்தில் 'நோட்டட்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் வைத்தார். கடிதம் இன்னும் பத்திரமாக இருக்கிறது. வயருக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

நேசக்குமாரிடம் ஒரு நோட்டு உண்டு. பிடித்த வார்த்தைகளை அதில் குறித்து வைத்து, தகுந்த இடம் வரும்வரை காத்திருப்பார், வயசுக்கு வந்த பெண்ணை வைத்துக்கொண்டு மாப்பிள்ளை பார்க்கிற தகப்பன் மாதிரி. கௌரவமான கடிதம், பெரிய ஆபீசர், நல்ல சந்தர்ப்பம் என்று எல்லாம் கூடி வந்தால்தான் கொடுப்பார். அதில் பதினொரு வருஷமாக இடம் அமையாமல் நின்ற வார்த்தை டிஸ்கம்பாபுலேட்டட்.

குழம்பிப்போன, தடுமாறிப்போன என்று பொருள். ஆனால் குழப்பத்துக்கு இங்கிலீஷில் பஞ்சம் கிடையாது. கணக்குப் பரீட்சையில் முழிக்கிற பையன் கன்ஃப்யூஸ்ட். திருச்செந்தூர்க் கூட்டத்தில் பிள்ளையின் கையை விட்டுவிட்ட தாய் பிவில்டர்ட். டிஸ்கம்பாபுலேட்டட் அந்தப் பந்தியில் உட்காராது. மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவர், மணப்பாட்டுக்கு என்று பஸ் ஏறி ஏரலில் இறங்கி நிற்கிறவர், அவர்களுக்கு உரியது. கேட்டால் லேசாகச் சிரிப்பு வர வேண்டும். அமெரிக்காவில் ஒரு விமான நிலையத்தில், சோதனை முடிந்து பெல்ட்டையும் ஷூவையும் திரும்ப மாட்டிக்கொள்கிற இடத்துக்கு இந்த வார்த்தையையே தலைகீழாக்கி, 'ரீகம்பாபுலேஷன்' என்று பலகை வைத்திருக்கிறார்களாம். அதன் பிறப்பும் விளையாட்டுதான். கிட்டத்தட்ட இருநூறு வருஷத்துக்கு முன்னால் அமெரிக்காவில் யாரோ, மெத்தப் படித்தவர்களைக் கிண்டல் பண்ண, லத்தீன் மாதிரி ஒலிக்கட்டும் என்று சும்மா கட்டிவிட்டது. லத்தீனில் அதற்குச் சொந்தபந்தம் யாரும் இல்லை. இடுப்பு நொறுங்கியவர்களுக்கு அதைப் போடும் வழக்கமும் இல்லை.

நேசக்குமார் அதைச் சுத்த லத்தீன் என்று நம்பியிருந்தார். அவ்வளவு நீளமான வார்த்தை வேறு என்னவாக இருக்க முடியும்.

சுடலைமாடன் ஏரல் பக்கத்து ஆள். ஆற்றுத் தண்ணீர் பாய்கிற வயலை விட்டு உப்புத் தண்ணீருக்கு வந்து பதினாறு வருஷம். கம்பெனியில் சிக்னல்மேன், அதாவது கப்பலின் மேல்தளத்தில் நின்று கிரேன்காரனுக்குக் கையால் சைகை காட்டுகிறவர். தூக்கு, இறக்கு, நிறுத்து. உயரத்தில் உட்கார்ந்திருக்கிற கிரேன்காரனுக்குக் கப்பல் வயிற்றுக்குள் நடப்பது தெரியாது. சுடலைமாடனின் கைதான் அவனுக்குக் கண். பதினாறு வருஷத்தில் அந்தக் கை ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை. வீட்டில் சோறு போதும் என்பதைக்கூட நிறுத்து சைகையில்தான் காட்டுவார் என்று அவர் பெண்டாட்டி செல்லக்கிளி அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

ஆனி மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு வயர் அறுந்தது. தொங்கிய மரத்தடி ஆடி வந்து சுடலைமாடனின் இடுப்பில் இடித்து, கால்களின் மேல் விழுந்தது.

மூன்றாம் நாள் நேசக்குமார் ஆஸ்பத்திரிக்குப் போனார். விபத்து நடந்தால் அடிபட்டவன் தமிழில் சொல்வான், ஹெட் கிளார்க் இங்கிலீஷில் அறிக்கை எழுதுவார். அதுதான் கம்பெனி முறை.

"வயர்ல டிக்குன்னு ஒரு சத்தம் அண்ணாச்சி," என்றார் சுடலைமாடன். இடுப்புக்குக் கீழே வேறு யாரோ படுத்திருப்பது மாதிரிக் கிடந்தார். "கேட்டதுமே நிறுத்துன்னு கையைக் காமிச்சிட்டேன். கிரேன்காரனும் நிறுத்திட்டான். அதுக்குள்ள அறுந்துட்டு. தடி ஆடி வருது, எந்தப் பக்கம் ஓடன்னு ஒண்ணும் விளங்கல."

விளங்கல என்று எழுதிய இடத்தில் நேசக்குமாரின் பேனா நின்றது. பதினொரு வருஷம் காத்திருந்தார். மாப்பிள்ளை வந்துவிட்டார்.

"வயரு முன்னமே பிரிஞ்சிதான் கெடந்துதாம் அண்ணாச்சி," என்றாள் பக்கத்தில் நின்ற செல்லக்கிளி. "அதையும் எழுதிக்கிடுங்க."

"எல்லாம் வரும்மா."

ஆபீஸில் போய் உட்கார்ந்து எழுதினார். முதல் படியில் எல்லாம் வந்தது. சத்தம், காட்டிய கை, நின்ற கிரேன், பிரிந்த வயர், அறுந்த வயர். ஆனால் படித்துப் பார்த்தால் அவருடைய வார்த்தை ஆறாவது வரியில், கூட்டத்தோடு கூட்டமாக நின்றது. கல்யாணப் பெண்ணை மணவறையில் உட்காரவைக்காமல் பந்தி பரிமாற விட்ட மாதிரி. மனசு கேட்கவில்லை. சத்தத்தை எடுத்தார். வார்த்தை கொஞ்சம் முன்னால் வந்தது. கையை எடுத்தார். கிரேனை எடுத்தார். வயரை எடுத்ததும் காற்றோட்டமாகிவிட்டது. கடைசியில் அறிக்கை மூன்றே வரி. மரத்தடி இறங்கிக்கொண்டிருந்தது. சிக்னல்மேன் டிஸ்கம்பாபுலேட்டட் ஆனார். தடி விழுந்து காயம் ஏற்பட்டது. விட்டுப்போனதையெல்லாம் அந்த ஒரு வார்த்தையே சொல்லிவிடும் என்று அவர் மனதார நம்பினார் என்று சொல்ல முடியாது. நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது.

அறிக்கையின் கீழே ஒரு ரப்பர் ஸ்டாம்ப் விழும். மேற்கண்டது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டு, தமிழில் விளக்கப்பட்டு, சரியென ஒப்புக்கொள்கிறேன். முப்பத்தொரு வருஷமாக ஸ்டாம்ப் விழுகிறது. வாசிப்பும் விளக்கமும் ஒரு நாளும் நடந்ததில்லை, எல்லாருக்கும் வேலை கிடக்கிறது. படுத்தபடியே சுடலைமாடன் கையெழுத்துப் போட்டார்.

"என்ன எழுதியிருக்கிய அண்ணாச்சி?" என்று செல்லக்கிளி கேட்டாள்.

"உன் புருஷன் பட்ட பாட்டையெல்லாம் ஒத்த வார்த்தையில அடைச்சிருக்கேன். இந்தத் துறைமுகத்துல இதுவரைக்கும் ஒருத்தனுக்கும் இது கிடைச்சதில்ல."

செல்லக்கிளி கையெடுத்துக் கும்பிட்டாள்.

அவள் கும்பிட்டதற்குக் காரணம் ஒரு நாற்காலி. கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு, சட்டத்தில் இல்லை. வேலையில் அடிபட்டு இனி நிற்க முடியாது என்று ஆனவனை லாரி எடைமேடையில் உட்காரவைப்பார்கள். வருகிற லாரியின் நம்பரைக் குறித்துச் சீட்டுக் கொடுக்கிற வேலை. ஓய்வு வரைக்கும் அந்த நாற்காலி அவனுடையது. பழைய ஆள் பங்குனியில் ஓய்வு பெற்றுப் போனதிலிருந்து நாற்காலி காலியாக இருந்தது. ஒரே நிபந்தனை, விபத்தில் தப்பு அவன் மேல் இருக்கக் கூடாது. இருந்தால் நாற்காலியும் இல்லை, வேலையும் இல்லை. அதைத் தீர்மானிக்கத்தான் என்கொயரி.

சுடலைமாடன் இனி நிற்க மாட்டார், உட்காரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எடைமேடை கேட்டுக்கு வெளியே இருந்ததால் செல்லக்கிளி ஒரு நாள் போய் அந்த நாற்காலியைப் பார்த்துவிட்டும் வந்தாள். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. முதுகுக்கு ஒரு தலையணை வைத்தால் அவருக்குத் தோதாக இருக்கும் என்று கண்ணாலேயே அளந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து தலையணைக்கு உறையும் தைத்துவிட்டாள்.

என்கொயரிக்கு வந்தவர் வேல்விழி. தலைமை ஆபீஸிலிருந்து வந்த மனிதவள மேலாளர். முப்பத்தைந்து வயது, கோயம்புத்தூர்க்காரர், மூன்று மணி விமானத்தைப் பிடிக்க வேண்டியவர். அறைக்குள் அவரும் செந்தில்முருகனும் நேசக்குமாரும். புருஷனுக்குப் பதிலாக வந்த செல்லக்கிளியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உள்ளே எல்லாம் இங்கிலீஷ், அவளுக்கு அலுப்பாக இருக்கும் என்று.

வேல்விழி அறிக்கையைப் படித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன சார்? நான் படிச்ச ஸ்கூல்ல இதெல்லாம் சொல்லித்தரலையே."

நேசக்குமார் தொண்டையைச் செருமுவதற்குள் அவர் போனில் தேடிவிட்டார். போன் அதை உச்சரித்தும் காட்டியது. ஏதோ ஒரு அமெரிக்கப் பெண் குரல். நேசக்குமாருக்கு அது ரசிக்கவில்லை.

"கன்ஃப்யூஸ்ட்னு போட்டிருக்கு. இவ்வளவுதானா? தலைக்கு மேல மரம் ஆடினா யார்தான் குழம்ப மாட்டாங்க." வேல்விழி பேனாவைத் திறந்தார். "இதை அடிச்சிட்டு ஷாக்ட்னு போட்டுக்கறேன். அவர் மேல தப்பு இல்லைன்னு முடிச்சிடலாம். எடைமேடையில இடம் காலியாத்தானே இருக்கு?"

நேசக்குமார் சரி மேடம் என்று சொல்லியிருந்தால் போதும். அவருக்குத் தெரிந்த பல்லாயிரம் வார்த்தைகளில் அந்த இரண்டும் அடக்கம்.

ஆனால் பேனாமுனை அவருடைய வார்த்தையின் தலையில் வந்து நின்றுவிட்டது. ஷாக்ட். மூன்றாம் வகுப்புப் பிள்ளை கரண்டைத் தொட்டுவிட்டு எழுதுகிற வார்த்தை. நாசரேத்தில் இதைச் சொல்லியிருந்தால் நாலு நாளைக்குச் சோறு கிடையாது.

"மன்னிக்கணும் மேடம். அது வேற, இது வேற."

"எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது."

"அப்படிச் சொல்லப்படாது மேடம்."

ஆரம்பித்தார். இங்கிலீஷில்தான். கன்ஃப்யூஷனிலிருந்து படி படியாக ஏறினார். ஒவ்வொரு படியிலும் நின்று, அதற்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கி, உதாரணம் சொன்னார். நடுநடுவே லத்தீனில் 'டிஸ்' என்றால் என்ன என்று சொன்னார். மற்ற பாகத்துக்கும் லத்தீன் மூலம் சொன்னார், அது அவரே அங்கேயே உண்டாக்கியது. கை தானாக எழுந்து காற்றில் கோடு போட்டது. குரலில் அப்பாவின் குரல் கலந்தது. இருபது நிமிஷம். வேல்விழி முதலில் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்க்கவில்லை. உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

"ஷாக் என்பது வெளியிலிருந்து வந்து விழுவது மேடம்," என்று உச்சிக்கு வந்தார். "மரம் விழுந்த பின்னால் வருவது. இது அப்படி இல்லை. இது உள்ளேயிருந்து கழன்று போவது. வெளியே ஒன்றும் நடப்பதற்கு முன்னாலேயே மனதின் அடுக்கு குலைந்துவிடும்."

வேல்விழியின் பேனா அசையாமல் நின்றது.

"முன்னாலேயேவா?"

அப்போதுதான் நேசக்குமார் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று பார்த்தார். ஆஸ்பத்திரிக் கட்டில் கண்ணில் வந்தது. டிக்குன்னு ஒரு சத்தம் என்று சொன்ன வாயும் வந்தது. ஆனால் சொல்லி முடித்த வாக்கியமும் எதிரே தொங்கிக்கொண்டிருந்தது. அதில் எங்கேயும் ஒரு பிசிறு இல்லை.

"அந்த வார்த்தைக்கு அப்படித்தான் பொருள் மேடம்."

"நான் வார்த்தையைக் கேட்கலை சார். ஆளைக் கேட்கறேன்."

"யோசிக்காம நான் ஒரு வார்த்தையும் போடுறதில்ல," என்றார் நேசக்குமார்.

அதுவரை நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த செந்தில்முருகன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வயர்களுக்குப் பொறுப்பானவர் அவர். "அடுக்கு குலைஞ்ச ஆள் கிரேனுக்கு என்ன சிக்னல் காட்டியிருப்பான் மேடம்?" என்றார். நேசக்குமாரின் இங்கிலீஷ் வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கு முழுசாகப் புரிந்திருந்தது.

வேல்விழி எதையும் அடிக்கவில்லை. எழுதினார். கிளம்பும்போது நேசக்குமாரின் கையைப் பிடித்துக் குலுக்கி, இப்படி ஒரு இங்கிலீஷைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்றார். அந்தக் கையோடு நேசக்குமார் பஸ் ஏறினார். கம்பியைப் பிடிக்கக்கூட மனசு வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டில் பெண்டாட்டி ஈவாஞ்சலினிடம் எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். அவள் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கேட்டுக்கொண்டே சீலா மீன் துண்டை அவர் தட்டில் வைத்தாள்.

"அவன் கையைக் காமிச்சதைச் சொன்னீங்களா?"

"அதை யாரும் கேக்கல."

"பெவின் அப்பா, நீங்க கேக்காமலே இருவது நிமிஷம் பேசியிருக்கீங்க."

நேசக்குமார் முள்ளை எடுத்தார்.

"வயர் விஷயம்?"

"அதுக்குத்தான் அப்பவே லெட்டர் எழுதிட்டேனே. ஃபைல்ல இருக்கு."

"அதைப் படிச்சு விளங்கின மனுசன் உண்டா? வயரு பழசு, மாத்துங்கன்னு ரெண்டு வரி தமிழ்ல எழுதியிருந்தா அந்த ஆளு இன்னைக்கு நடந்துகிட்டு இருப்பான்." அவள் குரலை உயர்த்தவில்லை. "திங்கக்கிழமை போய்ச் சொல்லிருங்க. சத்தம் கேட்டுது, கையைக் காமிச்சான், வயர் பிரிஞ்சிருந்துது, நான் எழுதாம விட்டுட்டேன். அவ்வளவுதான். சின்னச் சின்ன வார்த்தை."

"சொன்னா என்ன ஆகும் தெரியுமா? பொய் அறிக்கை எழுதினவன்னு என்னைத் தூக்கி வெளிய போடுவான். ஓய்வுக்கு எட்டு மாசம் இருக்கு ஈவா. முப்பத்தொரு வருஷத்துக்கு உண்டானது மொத்தமும் போகும். பெவின் கல்யாணத்தை நீ எதை வச்சு நடத்துவ?"

ஈவாஞ்சலின், ரசம் வேண்டுமா என்று கேட்டாள்.

திங்கட்கிழமை சொல்லிவிடுவது என்றுதான் நேசக்குமார் ஆபீஸுக்குப் போனார். அன்று ஒரு நிலக்கரிக் கப்பல் வந்து நின்றது. செவ்வாய்க்கிழமை செந்தில்முருகன் லீவு. அறிக்கையை அவர் இல்லாமல் எப்படித் திறப்பது. புதன்கிழமை உத்தரவே வந்துவிட்டது. விபத்துக்குச் சிக்னல்மேனின் மனநிலையே காரணம், பணியிலிருந்து நீக்கப்படுகிறார், முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்துகொள்ளலாம், அதுவரை எடைமேடை இடம் நிரப்பப்படாது. டைப் அடித்து அனுப்ப வேண்டியது ஹெட் கிளார்க். நேசக்குமார் அடித்தார். வேல்விழி அந்த வார்த்தையைப் பெருந்தன்மையோடு உத்தரவிலும் சேர்த்திருந்தார். ஓர் எழுத்து குறைந்திருந்தது. நேசக்குமார் அதைத் திருத்தினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் செல்லக்கிளி வந்துவிட்டாள். கையில் ஒரு பெரிய சீப்பு கோழிக்கூடு வாழைப்பழம். ஆஸ்பத்திரியிலிருந்து புருஷனை ஏரல் பக்கத்து ஊருக்கே கூட்டிப்போயிருந்தாள், அங்கிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறாள். நேசக்குமார் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்து அவர் முகத்தைத் தயாராக வைத்திருந்தார்.

"ஒங்களுக்கு எப்படி நன்றி சொல்லன்னு தெரியல அண்ணாச்சி," என்றாள் செல்லக்கிளி.

நேசக்குமார் தான் நகர்த்திப் போட்ட நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"அன்னைக்கு வெளிய பெஞ்சுலதான் இருந்தேன். வேற ஒருத்தர் சத்தமும் கேக்கல, ஒங்க சத்தம் ஒண்ணுதான். எங்களுக்காவ அம்புட்டு நேரம் பேசினிய. எனக்கு ஒண்ணும் விளங்கல, ஆனா கேக்க நல்லா இருந்துது. வீட்டுல போய் அவியட்ட சொன்னேன். அழுதுட்டாவ. சொந்தக்காரன் எவன் வந்து நமக்காவ இப்படிப் பேசினான், அண்ணாச்சி பேசினாவளேன்னு."

சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றது.

மறுக்கலாம் என்று நேசக்குமார் நினைத்தார். நினைத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சுக்குள் ஏதோ இதமாகப் பரவியது. அவருடைய பேச்சை யாரும் இப்படிச் சொன்னதில்லை. வேல்விழிகூடக் கையைக் குலுக்கிவிட்டு விமானத்துக்குப் போய்விட்டார். இவள் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை விளங்காமல், முழுசாகக் கேட்டிருக்கிறாள்.

"என்னால ஆனதைச் செய்தேம்மா," என்றார்.

"அந்த மேடம்தான் மனசு இரங்கல. பரவாயில்ல. மேல எழுதிப் போடலாம்னு ஆர்டர்ல இருக்காமே. நீங்களே எழுதித் தரணும். வேற யாரு எழுதினாலும் அந்த நாக்காலி எங்களுக்கு வராது."

நேசக்குமார் வெள்ளைப் பேப்பரை எடுத்து உட்கார்ந்தார். நாலு உண்மை எழுதினால் போதும். சத்தம், கை, நின்ற கிரேன், பிரிந்த வயர். நாலையும் எழுதினால், இது ஏன் முதல் அறிக்கையில் இல்லை என்று கேட்பார்கள். கேட்டால் கை நேராக அவரைத்தான் காட்டும். பேனாவை மூடித் திறந்தார். மதிப்பிற்குரிய என்று இங்கிலீஷில் ஆரம்பித்தார். ஆரம்பித்ததும் கை தன் பாட்டுக்கு ஓடியது. ஏழ்மை வந்தது, அதற்கு மூன்று வார்த்தை வந்தது. கண்ணீர் வந்தது. கம்பெனியின் கருணை கடலுக்கு ஒப்பாக வந்தது. நோட்டிலிருந்து இரண்டு புது வார்த்தைகள் இறங்கி வந்து, ஆளுக்கொரு பக்கத்தில் உட்கார்ந்தன. இரண்டு பக்கம் நிறைந்ததும் கீழே கோடு போட்டு, பேப்பரைத் திருப்பி வைத்தார்.

"அவியளால வர முடியாதுல்லா, பதிலுக்கு நீ கையெழுத்துப் போடு."

செல்லக்கிளி பேனாவை வாங்கவில்லை. எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வயரு அறுந்தது இதுல இருக்கா அண்ணாச்சி? அவிய நிறுத்துன்னு கையைக் காமிச்சது?"

நேசக்குமார் பேனாவின் மூடியைத் தேடினார். அது அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஈவாஞ்சலின் காபியோடு வந்தாள். செல்லக்கிளி பேப்பரை எடுத்து அவளிடம் நீட்டினாள்.

"டீச்சர், நீங்க ஒருக்கா பார்த்துச் சொல்லுங்க. அண்ணாச்சிய நம்பாம இல்ல. நான் வாரப்பவே அவிய சொல்லி விட்டாவ, வேற எது விட்டாலும் கையைக் காமிச்சத விட்டுரப்படாதுன்னு. பதினாறு வருஷத்துல நான் மாத்திக் காமிச்சதில்லங்கத அவங்களுக்குத் தெரியணுமாம். நாக்காலி கூட அப்புறந்தானாம்."

ஈவாஞ்சலின் காபியை வைத்துவிட்டு வாசித்தாள். கணக்கு டீச்சர், வரி விடாமல் பார்க்கிற கண். முதல் பக்கம் முடிந்தது. இரண்டாம் பக்கத்தின் அடிவரைக்கும் போய், ஒரு தடவை மேலே திரும்பி வந்து, மறுபடியும் அடிக்குப் போனாள். நேசக்குமார் ஜன்னலுக்கு வெளியே கொடியில் காய்கிற வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கா டீச்சர்?"

ஈவாஞ்சலின் புருஷனைப் பார்த்தாள். அவர் திரும்பவில்லை.

"இருக்கு," என்றாள்.

"கையைக் காமிச்சதும்?"

"ரெண்டும் இருக்கு. இங்கன போடு."

செல்லக்கிளி முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, குனிந்து, சுடலைமாடனுக்காக மனைவி செல்லக்கிளி என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். மை ஈரமாக இருந்தது. ஈவாஞ்சலின் பேப்பரை வாங்கி, காயட்டும் என்று ஃபேனுக்குக் கீழே பிடித்துக்கொண்டு நின்றாள்.